தாடி இல்லாத ஆய்வகம்

என் அப்பா நல்லவர். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் பாதி தாண்டுவதற்குள் அவரைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை எல்லோர் வீட்டிலும் உண்டு. அப்பா விஷயத்தில் ஒரே ஒரு வித்தியாசம்: குரங்காக முடிந்த பிறகும் அதைப் பிள்ளையார் என்றே நம்பித் துடைத்துக்கொண்டிருப்பார்.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டிய தெருவில் அவர் சலூன் வைத்திருக்கிறார். மூன்று நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அந்தப் பெஞ்சில் முடி வெட்டிக்கொள்ளும் உத்தேசமே இல்லாமல் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர். நான் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆனர்ஸ், கடைசி வருடம். வாசல் பக்கத்திலேயே இருந்ததால், நான் உள்ளே என்ன செய்கிறேன் என்பதைத் தெரிந்துகொள்ளத் தனக்கு உரிமை இருக்கிறது என்று அப்பா நினைத்தார்.

சாப்பிடும்போது தினமும் அதே கேள்விதான்: இன்றைக்கு என்ன பாடம்? ஒருநாள் குவாண்டம் வேதியியல் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அது என்ன என்றார். ஒரு பெட்டிக்குள் ஒரு துகள் இருக்கிறது, அது பெட்டிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும் கணக்குப் போடலாம் என்றேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மறுநாள் சாயங்காலம் முன்பின் தெரியாத ஒருவர் என்னை வழிமறித்து, அவர் மனைவியின் தோடு ஒரு தகரப் பெட்டிக்குள் தொலைந்துவிட்டது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். பெட்டிக்குள் தொலைந்த பொருளைக் கண்டுபிடிக்கும் படிப்பு என்று அப்பா சலூனில் சொல்லியிருக்கிறார்.

சமச்சீர் பாடம் வந்தபோது மட்டும் அவருக்கு நிஜமாகவே புரிந்தது. ஒரு மூலக்கூற்றை நடுவில் கண்ணாடி வைத்ததுபோல் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் பாடம் அது. அப்பா எழுந்து நின்று, தன் மீசையைப் பரிசோதிக்கச் சொன்னார். பரிசோதித்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், புத்தகத்தில் இருக்கிற பல மூலக்கூறுகளைவிட ஒழுங்காகத்தான் இருந்தது.

அந்த மீசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கிய மீசை. முறுக்கு நிற்பதற்காகக் காலையில் ஒரு தடவை மெழுகு தடவுவார். சோப்பு பட்டால் நுனி சோர்ந்துவிடும் என்று குளிக்கும்போது ஒரு கையால் மீசையை மூடிக்கொண்டு குளிக்கிற மனிதர். அம்மாவுக்கு அதைக் கண்ணில் காட்டினாலே பிடிக்காது. ஊற்றுகிற குழம்பில் பாதி அதற்குத்தான் போகிறது, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பாள். அப்பாவோ எதில் தோற்றாலும், எங்கே வழுக்கினாலும், எழுந்து மீசையைத் தடவிக்கொண்டு, கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார். சீட்டு விளையாட்டில் தோற்றாலும் அதுதான். பக்கத்துத் தெருவில் ஏசி சலூன் வந்தபோதும் அதுதான்.

இனி தாடிக்கு வருகிறேன்.

தாடி என்பது என் புராஜெக்ட் கைடு. பெயர்ப் பலகையில் வேறு பெயர் இருந்தது, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நெஞ்சு வரைக்கும் இறங்கிய, நரையும் கறுப்பும் கலந்த தாடி. அவர் தன் வாழ்நாள் முழுவதும் ஒரே குடும்பத்துச் சேர்மங்களைத்தான் ஆராய்ந்தார். வருடா வருடம் ஒவ்வொரு மாணவருக்கும் அந்தக் குடும்பத்தில் புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லுவார். அக்காளுக்கு ஒரு கை கூட இருக்கும், தங்கைக்கு ஒரு வால் நீளமாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். செய்து முடித்ததும் அதைப் படிகமாக விழவைக்க வேண்டும். படிகம் கிடைத்தால்தான் எக்ஸ்ரேயில் வைத்து, நாம் செய்தது இதுதான் என்று நிரூபிக்க முடியும். எண்ணெய் மாதிரிப் பிசுபிசுவென்று இருந்தால் எக்ஸ்ரே திரும்பியே பார்க்காது.

படிகம் லேசில் விழாது. கரைசலுக்குள் மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் இருந்தாலும், முதலில் யார் உட்காருவது என்று தெரியாமல் கல்யாண மண்டபத்து முன்வரிசைபோல் நின்றுகொண்டே இருக்கும். ஒரே ஒரு துகள், ஏற்கெனவே படிகமாக இருக்கும் ஒரு தூசி, உள்ளே விழுந்தால் போதும். அதைப் பார்த்து மற்றதெல்லாம் உட்கார்ந்துவிடும். அதற்குத்தான் விதைப்படிகம் என்று பெயர்.

எங்கள் ஆய்வகத்தில் விதை தாடியில் இருந்தது. மாணவர் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற நிலையில் நிற்பார். கைடு வருவார், குடுவைக்கு மேலே குனிவார், தாடியை நீவி "ம்ம்ம்" என்பார், போய்விடுவார். அவர் தன் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் குடுவையில் படிகம் விழுந்திருக்கும். இது மூடநம்பிக்கைபோலத் தெரியும். பாதி மூடநம்பிக்கைதான். மீதிப் பாதி வேதியியல்: அத்தனை வருடமாக அந்தக் குடும்பத்துத் தூள்களை அரைத்து, சலித்து, எடை போட்டவரின் தாடியில் எத்தனை தூசி சேர்ந்திருக்கும்? கைடு மட்டும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். கட்டுக்கதை என்பார். சொல்லும்போதே தாடியை நீவுவார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. படிகம் இல்லாமல் ஆனர்ஸ் இல்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாளில் மேசைமேல் படிகமும் அதன் எக்ஸ்ரே படமும் இல்லாவிட்டால் சாதாரணப் பட்டம்தான். சாதாரணப் பட்டத்தோடு போனால், எனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்த வெளியூர்ப் பல்கலைக்கழகம் கதவைச் சாத்திவிடும். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் நிபந்தனை தெளிவாக எழுதியிருந்தது. அந்த இடத்துக்காக நான் நாலு வருடம் படித்திருந்தேன். எனக்கு அது வேண்டும், வேறு எதுவும் வேண்டாம்.

என் சேர்மம் எண்ணெயாக வந்தது. வெளிர் மஞ்சள், தேன் பதம். நான் கவலைப்படவில்லை. கைடு ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார், திங்கட்கிழமை வருவார், குனிவார், "ம்ம்ம்" என்பார், முடிந்தது. குடுவைக்கு மூடி போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு மத்தியானம் அப்பா வாயெல்லாம் பல்லாகச் சாப்பிட வந்தார். இன்றைக்கு சலூனுக்கு யார் வந்தார்கள் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். உங்கள் கைடு என்றார். அவர் வழக்கமாகப் போகிற கடை பூட்டியிருந்ததாம், முடி மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி வந்தாராம். பேச்சுவாக்கில் அவர் யாரென்று தெரிந்ததும் அப்பாவுக்கு ஆளே மாறிவிட்டது. காசு வேண்டாம் என்று சொல்லி, உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, மசாஜ் செய்ய ஆரம்பித்திருக்கிறார். அப்பாவின் மசாஜில் யாரும் கண் விழித்து உட்கார்ந்ததில்லை. ராத்திரிப் பயணம் செய்து வந்த மனிதர் நாற்காலியிலேயே சொக்கிவிட்டார்.

"அந்தத் தாடியப் பார்த்தேன்மா. எவ்வளவு பெரிய படிப்பு படிச்ச மனுஷன், மூஞ்சி மட்டும் புதர் மாதிரி. நம்ம பொண்ணுக்குச் சொல்லிக்குடுக்கறவருக்கு நம்மால ஆனது ஏதாவது செய்யணும்ல? எடுத்துடட்டுமா சார்னு கேட்டேன். தலைய ஆட்டினாரு."

என் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது.

"தூக்கத்துலயாப்பா?"

"தூங்கினா எப்படிம்மா தலைய ஆட்ட முடியும்? நல்லா மேலயும் கீழயும் ஆட்டினாரு. ரெண்டு தடவை."

உட்கார்ந்தபடி தூங்குகிற எந்த மனிதனின் தலையும் மேலும் கீழும்தான் ஆடும். அப்பா சந்தோஷமாகத் தொடர்ந்தார். கத்தரி வைத்ததும் அந்தத் தாடியிலிருந்து மாவு மில்லில் பறக்கிற மாதிரித் தூள் பறந்ததாம். தும்மித் தும்மி ஓய்ந்துவிட்டாராம். அப்புறம் வழவழவென்று மழித்து, படிகாரக்கல் தேய்த்து, துண்டால் ஒற்றி எடுத்திருக்கிறார். கைடு கண்விழித்துக் கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, உட்கார்ந்திருப்பது வேறு யாராவதா என்று பார்த்தார். நல்ல மனிதர், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

திங்கட்கிழமை பல்கலைக்கழக வாசலில் காவலாளி அவரை உள்ளே விடவில்லை. அடையாள அட்டையில் இருக்கிற ஆள் வேறு என்று சொல்லிவிட்டார். துறைத் தலைவர் வந்து, குரலை வைத்து அடையாளம் சொல்லி அழைத்துப்போக வேண்டியிருந்தது. ஆய்வகத்துக்குள் அவர் நுழைந்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். என் பக்கத்து மேசைக்காரன், எதைக் கேட்டாலும் நிகழ்தகவில் பதில் சொல்வதால் நாங்கள் குவாண்டம் என்று கூப்பிடுகிறவன், அவர் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தான். கைடுக்குத் தாடைக்குக் கீழே ஒரு சின்னக் குழி இருப்பது அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

நான் நம்பிக்கையை விடவில்லை. குடுவையை எடுத்து நீட்டினேன். கைடு குனிந்தார். கை தன்னால் மார்புக்கு நேரே போய்க் காற்றை நீவியது. "ம்ம்ம்" என்றார். அது பழைய "ம்ம்ம்" மாதிரியே இல்லை. அவர் தன் அறைக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது.

பிறகு புத்தகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் செய்தேன். கரைப்பானை மாற்றினேன். ஐஸில் வைத்தேன். ஃபிரீஸரில் வைத்தேன். கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரைக் கீறினேன், கீறல் விழுந்த இடத்தில் படிகம் தொடங்கும் என்பார்கள். என் குடுவையில் கீறல் மட்டும்தான் விழுந்தது. பழைய மாணவர்கள் விட்டுப்போன அக்கா தங்கைச் சேர்மங்கள் ஏதாவது கொஞ்சம் கிடைத்தால் விதையாகப் போடலாம் என்று அலமாரிகளைத் துழாவினேன். போன விடுமுறையில் ஆய்வகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தபோது எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பாட்டில்கள் பளபளவென்று இருந்தன. மறுபடி தாடி வளர்க்கச் சொல்லிக் கைடைக் கேட்கலாம் என்றால், அதற்கும் வழியில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தாடியை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அவர் மனைவி, எங்கள் சலூனுக்கு ஒரு கூடைப் பழம் கொடுத்தனுப்பியிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் வெடித்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் முன்னும் பின்னும் தெரியாது. தாடியில் என்ன இருந்தது, அது போனதால் எனக்கு என்ன போகப் போகிறது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கடைசியில், "உங்கள யாருப்பா கேட்டா?" என்றேன்.

அப்பா மீசையில் மண் ஒட்டவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். கதவுக்குப் போனவர் திரும்பி நின்று, மீசையில் கை வைத்தார்.

"உனக்கு அந்தப் படிகம் விழலைன்னா இந்த மீசைய எடுத்துடறேன்மா. ஒரு பக்கம் இல்ல. ரெண்டு பக்கமும்."

அம்மா முகத்தில் ஒரு மின்னல் ஓடியது. அதை நான் பார்த்தேன். அவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா என்னிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். சலூனில் கூட்டிய முடியெல்லாம் ஒரு பெரிய சாக்கில் சேரும், வண்டி வந்து எடுத்துப்போகும். இந்தத் தடவை வண்டி வரவில்லை. அப்பாவும் பெஞ்சுக்காரர்கள் இருவரும் சாக்கைக் கொட்டி, கடையை மூடிவிட்டு, நரையும் கறுப்புமாக நீளமாக இருந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். டப்பாவுக்குள் கைடின் தாடி ஒரு கொத்தாகச் சுருண்டு இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபித்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அப்பா அதெல்லாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

தாடியின் ஒரு சிட்டிகையைக் குடுவைக்குள் போட்டேன். அந்தச் சமயம் நான் பயன்படுத்தியது தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பான். கொஞ்சம் சூடு காட்டி, ஆறவைத்து, மூடிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் குடுவையின் அடியில் படிகம் மின்னியது. சும்மா படிகம் இல்லை. எட்டு முகமும் வெட்டி எடுத்ததுபோல, கண்ணாடி மாதிரித் தெளிவாக, மூக்குத்திக் கல் அளவுக்கு. குவாண்டம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான படிகம் இந்தக் கட்டடத்தில் விழுந்திருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றான். பொறாமையில் சொல்கிறான் என்று நினைத்தேன். கைடு பார்த்தார். தாடை நடுங்கியது. இப்போது அது வெளியே தெரிந்தது.

எக்ஸ்ரே கருவியைப் பார்த்துக்கொள்வது ஒரு அக்கா. கருவி இருக்கும் அறையில் எப்போதும் குளிராக இருக்கும், அக்கா கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். படிகத்தை வாங்கி வைத்துக்கொண்டு மத்தியானம் வரச் சொன்னார். மத்தியானத்துக்கு முன்பே கூப்பிட்டுவிட்டார். போனேன். திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"உன் சேர்மத்துல அலுமினியம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"பொட்டாசியம்?"

இல்லை என்றேன். என் காது சூடாகிவிட்டது.

"அப்போ நீ கொண்டுவந்தது படிகாரம்மா. ஷேவ் பண்ணினப்புறம் மூஞ்சில தேய்ப்பாங்களே, அதே கல்லு. ரொம்பச் சுத்தமான படிகாரம். இவ்வளவு நல்ல டேட்டா எனக்கு இந்த வருஷத்துலயே வரல."

நேராக சலூனுக்குப் போனேன். நான் கேட்பதற்கு முன்பே அப்பா பெருமையாகச் சொன்னார். பல்கலைக்கழகத்துக்குள் போகிற பொருள், நாலு பேர் பார்ப்பார்கள், அழுக்கோடு கொடுக்கலாமா? தாடியை நாலு தடவை தண்ணீரில் அலசி, கிருமி போகப் படிகாரத் தூள் போட்டுக் கசக்கி, வெயிலில் காயவைத்துத்தான் டப்பாவில் போட்டாராம். அதாவது இருந்த விதையையெல்லாம் கழுவி விட்டுவிட்டு, வேறு விதையை விதைத்துக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்து அழுதேன். பெஞ்சுக்காரர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர்கள் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்ததை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

வைவாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. படிகாரத்தை வடிகட்டி, முடியைப் பொறுக்கி, கழுவி, பிரித்து, மறுபடி அதே தேன் பதத்து எண்ணெய்க்கே வந்து சேர்ந்தேன். இருந்ததில் பாதி வழியிலேயே போய்விட்டது. மிச்சத்தைச் சூடான ஆல்கஹாலில் கரைத்து, தூசி விழாமல் ஆறவைத்தேன். கரைசல் தெளிவாக, அமைதியாக, என்னை ஏளனம் செய்வதுபோல் நின்றது. உள்ளே அளவுக்கு மீறிக் கரைந்திருக்கிறது என்று தெரியும். ஒரு தூசி போதும் என்று தெரியும். அந்தத் தூசிதான் இல்லை. சாதாரணப் பட்டம் வாங்கிக்கொண்டு ஏதாவது சோப்புக் கம்பெனியில் நுரையை அளந்துகொண்டிருக்கப் போகிறேன் என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஆய்வகக் கதவு திறந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை. கையில் தோல் பை, அதற்குள் கத்தி, கிண்ணம், பிரஷ், துண்டு. காவலாளி எப்படி விட்டார் என்று பிறகு விசாரித்தேன். அவருக்கும் அப்பாதான் முடி வெட்டுகிறார்.

அப்பா என்னிடம் வரவில்லை. நேராகக் கைடிடம் போய்க் கையைக் கூப்பினார்.

"சார், உங்க தாடிய எடுத்தது என் தப்பு. என் பொண்ணு படிப்புல மண்ணைப் போட்டதும் நான்தான். வாக்குக் குடுத்திருக்கேன். உங்க எதிர்லயே என் மீசைய எடுத்துடறேன். அதுக்குக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

கைடு திகைத்துப்போனார். அதெல்லாம் வேண்டாம் என்றார், தாடி வெறும் கட்டுக்கதை என்றார், தன் மனைவிக்கு மிகவும் சந்தோஷம் என்றார். அப்பா கேட்கவில்லை. குவாண்டத்துக்கு எப்போதும் யாராவது வெந்நீர் கேட்டால் கொடுத்துப் பழக்கம், அவன் ஒரு பீக்கரில் கொண்டுவந்து வைத்துவிட்டான். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். வீட்டுக்குப் போகலாம், எனக்குக் கோபமில்லை என்றேன். அது உண்மையும்கூட. கோபமெல்லாம் மூன்றாவது நாற்காலியிலேயே தீர்ந்துவிட்டது. மீசை இல்லாத அப்பாவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை.

அப்பா துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டார். பிறகு ஏதோ நினைத்தவர்போல என் பக்கம் திரும்பினார். அந்தக் குடுவை எது, ஒரு தடவை காட்டு, எதற்காக மீசை போகிறது என்று தெரிந்தாவது போகட்டும் என்றார். நான் மூடியைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து உள்ளே உற்றுப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லையே என்றார். அதுதான் பிரச்சினை என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். கடைசியாக ஒரு தடவை என்று நினைத்தாரோ என்னவோ, கை மேலே போயிற்று. குடுவைக்கு நேர் மேலே நின்றபடி, இடது பக்கம் ஒரு முறுக்கு, வலது பக்கம் ஒரு முறுக்கு.

கரைசலின் மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நான் அதைத் தூசி என்று நினைத்தேன். அது தூசிதான். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு ஊசி நீண்டது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. வெள்ளை ஊசிகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்து அடி வரைக்கும் இறங்கின. கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாண மண்டபத்தில் ஒருவர் உட்கார்ந்ததும் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

கைடுதான் முதலில் பேசினார். குரல் கரகரத்தது.

"ஐயா, கத்தியக் கீழ வைங்க. மெதுவா. மீசையத் தொடாதீங்க."

எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. தாடியிலிருந்து மாவு மில் மாதிரிப் பறந்த தூள், தும்மிக்கொண்டே மழித்தவரின் மீசையில் போய் ஒட்டியிருக்கிறது. மெழுகு தடவிய மீசை. சோப்பே படாத மீசை. தாடியைக் கழுவினார், சலூனைக் கழுவினார், நல்லவேளை, அதை மட்டும் கழுவவில்லை. குவாண்டம் சத்தமில்லாமல் தன் குடுவையைக் கொண்டுவந்து அப்பாவின் மூக்குக்குக் கீழே நீட்டினான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர் குடுவையோடு வரிசையில் நின்றார்கள். எதற்கு என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர், துண்டைக் கட்டியபடியே ஒவ்வொருவருக்கும் ஒரு முறுக்கு முறுக்கினார்.

இந்தத் தடவை எக்ஸ்ரே அக்கா அலுமினியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. படம் வந்தது. நான் செய்த மூலக்கூறு, நான் வரைந்த மாதிரியே, ஒரு கை கூட, ஒரு வால் நீளம். அதை அச்செடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினேன்.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முழு வழுக்கை. தாடி இல்லை, மீசை இல்லை, புருவமும் பேருக்குத்தான். என் ஆய்வேட்டை மெதுவாகப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். கரைசலில் விதை இடப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, சேர்மம் புதியது, இதற்கு முன் உலகத்தில் படிகமாக இருந்ததில்லை, விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் கைடைப் பார்த்தேன். கைடு மின்விசிறியைப் பார்த்தார்.

அதே குடும்பத்துச் சேர்மத்தின் தூசி என்றேன். அந்தத் தூசி எங்கிருந்தது என்றார். எனக்குப் பொய் வராது, வந்தாலும் கோர்வையாக வராது.

"என் அப்பா மீசைல சார்."

தேர்வாளர் ஆய்வேட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். போயிற்று என்று நினைத்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். தேர்வாளர் தன் பைக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒரு சின்னக் குடுவையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பழுப்பாக எண்ணெய். தன் மகன் பிறந்த வருடம் செய்தது, மகன் கல்லூரிக்கே போய்விட்டான், இது இன்னும் எண்ணெயாகவே இருக்கிறது, எந்த ஊருக்குப் போனாலும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன் என்றார். கைடு தொண்டையைச் செருமி, அது வேறு குடும்பத்துச் சேர்மம், இந்த மீசை அதற்கு வேலை செய்ய வேதியியல்படி வாய்ப்பில்லை என்றார். கேட்டுப் பார்ப்பதில் என்ன தப்பு என்றார் தேர்வாளர். பிறகுதான் நினைவு வந்து, மதிப்பெண் தாளில் ஆனர்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் வெளியே வந்தேன். அப்பா எழுந்து நின்றார். ஆனர்ஸ் கிடைத்துவிட்டது, இடமும் உறுதி என்றேன். குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. எதையோ பல நாளாக உள்ளே வைத்து மருகிக்கொண்டிருந்தவர்போல நின்றார்.

"அப்போ நான் கெடுத்தேனாம்மா, குடுத்தேனா?"

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எடுத்ததும் நீங்கதான்பா. கொண்டுவந்து சேர்த்ததும் நீங்கதான்."

அப்பாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. தோள் நிமிர்ந்தது. பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்.

"பார்த்தியா, கீழ விழுந்தாலும் மீசைல மண்ணு ஒட்டல."

"ஒட்டுச்சுப்பா," என்றேன். "அதனாலதான் பாஸ்."

அவர் அவசரமாக மீசையைத் துடைக்கப் போனார். நான் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே தேர்வாளர் குடுவையோடு காத்துக்கொண்டிருந்தார்.